மோட்டாரக்கா காட்டிக்கொடுத்த வளைவு

மோட்டாரக்காவை எனக்குத் தெரிய வந்ததே ஒரு மேசை மின்விசிறியால்தான். சுற்றாமல் முனகிக்கொண்டே இருந்த அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, நகரத்தின் ஓரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில், ஆண்கள் சட்டையும் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட கால்சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். வாங்கி ஒரு விரலால் இறக்கையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ள தண்டு சுத்துற புஷ் தேஞ்சு போயிடுச்சு. அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் போனேன். மின்விசிறி நன்றாக ஓட ஆரம்பித்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதைத்தான் சேர்த்துச் சொல்கிறேன். கோவையாக இல்லாவிட்டால் குற்றம் என்னுடையது.

இருபத்தேழு வருஷம் அரசாங்க பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றின் கரையோரம், ஈ காக்கா எட்டிப் பார்க்காத இடம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "மூணு மோட்டாரைக் கட்டிக்கிட்டு மாரடிச்சது போதாதா" என்றார்.

சின்ன வயதில் ஒரு மாமாவின் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். பம்ப் ஹவுஸ் வேலைக்கு ஆள் கேட்டபோது இரண்டு ஆண்களும் இவரும் விண்ணப்பித்தார்கள். ஒருவர் இடத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். இன்னொருவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். மூன்றாவதாக இவரைக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்கான சீருடை அளவு துறையிடம் இல்லாததால் கால்சட்டையும் சட்டையும் கொடுத்தார்கள். அதுவே பழகிவிட்டது. யாராவது வந்து, "ஆபரேட்டர் எங்கேம்மா?" என்று கேட்டால், "சாப்பிடப் போயிருக்காரு. அவசரம்னா நான் ஓட்டட்டுமா?" என்பாராம். அப்படி வந்ததுதான் மோட்டாரக்கா என்ற பேர். சொந்தப் பேரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்ப்பேன் என்றார்.

அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அது வளைந்து நெளிந்து, இரண்டு பக்கமும் சதுப்பைப் பரப்பிக்கொண்டு போன ஆறு. அவர் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் அதைக் கயிறு பிடித்த மாதிரி நேராக வெட்டி, இருபுறமும் கரை கட்டிவிட்டது. பழைய வளைவுகளை மண் போட்டு மூடி வயலாக விற்றார்கள். கரைக்குள் வண்டல் சேரச் சேர ஆறு உயர்ந்துகொண்டே போனது. வயல்கள் பள்ளத்திலேயே இருந்தன. வயலில் ஊறுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு தொட்டிக்கு வரும். அதை பம்பால் தூக்கிக் கரையைத் தாண்டி ஆற்றில் கொட்ட வேண்டும். ஒரு நாள் நிறுத்தினால் கணுக்கால் அளவு நிற்கும். நாலு நாள் நிறுத்தினால் முழங்கால்.

மூன்று பம்புகளுக்கும் மூத்தது, நடுவுள்ளது, கடைக்குட்டி என்று பேர் வைத்திருந்தார். மூத்தது சொன்னதைக் கேட்கும். நடுவுள்ளதற்கு எண்ணெய் அதிகம் வேண்டும். கடைக்குட்டி எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். காலையும் மாலையும் தொட்டியில் உள்ள அளவுப் பலகையைப் பார்த்து மட்டம் எழுத வேண்டும். எந்த பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுத வேண்டும். கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் "சரி" என்று எழுதியிருந்தார்கள். பக்கம் பக்கமாகச் சரி.

இவருக்கு அது பொறுக்கவில்லை. தினமும் வாய்க்கால்களை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, கண்டதை எழுதுவார். கிழக்கு வாய்க்காலில் மழை இல்லாமலே தண்ணீர் ஏறுகிறது. மூன்றாவது மதகுக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து நத்தை ஓடுகள் மேலே வருகின்றன. பக்கத்துப் பெரிய பழத்தோட்டத்து வேலியோரம் தரை மிதித்தால் அமுங்குகிறது. இப்படி. நோட்டு நிரம்பியதும் அலமாரியில் அடுக்குவார். யாரும் படிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். "படிக்கிறதுக்கா எழுதினேன். கட்டம் காலியா இருக்கேன்னு எழுதினேன்" என்றார்.

அந்தப் பள்ள நிலத்தில் அவருடைய அப்பாவும் எட்டு ஏக்கர் வாங்கியிருந்தார். பிள்ளைகள் இவரும் ஒரு தங்கையும். தங்கைக்குக் கல்யாணம் பேசியபோது நிலம் முழுவதையும் அவள் பேரில் எழுதிவிடலாம் என்று வீட்டில் முடிவானது. பெரியவளுக்குத்தான் வேலை இருக்கிறதே. இவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி அவருக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை. தங்கையின் வீடு பம்ப் ஹவுஸிலிருந்து பத்து நிமிஷ நடை. நிலத்திலேயே கொஞ்சம் மேடான இடத்தில் கட்டிய வீடு. மதியச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். தங்கையின் மகள் நடை பழகியது பம்ப் ஹவுஸின் சிமெண்டுத் தரையில்.

எட்டு ஏக்கரில் வடக்குக் கோடியில் இரண்டு ஏக்கர் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும். எதைப் போட்டாலும் அழுகும். தங்கையின் வீட்டுக்காரர் அதை "நம்ம வீட்டு ஊதாரி" என்பார். ஆனாலும் விடாமல் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது போட்டுப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்த நகரம் மூழ்கியது. நேராக வெட்டிய ஆற்றில் வெள்ளம் நிற்க வழியில்லாமல் ஓடிப்போய் நகரத்தின் தலையில் விழுந்தது. பதினேழு பேர் செத்தார்கள். மூன்று நாள் கடைக்குட்டி உட்பட எல்லா பம்பையும் ஓட்டி, பள்ள நிலத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தவர் இவர். "நான் தூக்கி ஊத்தின தண்ணியும்தானே அங்க போச்சு" என்றார் என்னிடம். வேறு யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவராகவே சுமந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் ஆற்றைப் பழையபடி வளையவிடுவது என்ற திட்டம் வந்தது. கரையை உடைத்து, மூடிய வளைவுகளைத் தோண்டி, சதுப்பை மீட்டால் வெள்ளம் அங்கேயே தங்கும், பறவைகளும் மீன்களும் திரும்பும் என்றார்கள். பழைய ஆறு எந்த வழியாகப் போனது என்று திட்டவட்டமாகக் காட்டும் வரைபடம் எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு இளம் பெண் இன்ஜினியரை அனுப்பினார்கள். அவள் பத்து நாள் வெயிலில் அலைந்துவிட்டு, ஒரு மதியம் தண்ணீர் கேட்டு பம்ப் ஹவுஸுக்குள் வந்தாள்.

அலமாரியில் இருந்த நோட்டுகளைப் பார்த்து ஒன்றை உருவினாள். நின்றபடியே நாலு பக்கம் படித்தாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"ஏன், எழுத்து புரியலையா?"

"இல்லக்கா. இதுக்காகத்தான் பத்து நாளா மண்ணைத் தோண்டிக்கிட்டிருக்கேன்."

அந்த ஒரு வாரம்தான் தன் உத்தியோக வாழ்க்கையிலேயே நல்ல வாரம் என்றார் மோட்டாரக்கா. இன்ஜினியர் தினமும் வந்தாள். இரண்டு பேரும் வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார்கள். இவர் கையை நீட்டிக் காட்டுவார், அவள் கருவியில் குறித்துக்கொள்வாள். இத்தனை வருஷமாகப் பார்த்ததை ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கிறார் என்றால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது? ஏழாம் நாள் அவள் கணினியைத் திறந்து காட்டினாள். ஊறல் எழுதிய இடங்களையெல்லாம் புள்ளியாக வைத்திருந்தாள். புள்ளிகள் சேர்ந்து இரண்டு பெரிய வளைவுகளாகத் தெரிந்தன. ஒன்று பழத்தோட்டத்தின் நடுவே போனது. இன்னொன்று வடக்கே வயல்களைத் தொட்டுத் திரும்பியது.

"இந்த வடக்கு வளைவு யாரு நிலம்கா?"

"என் தங்கச்சி நிலம்."

அவள் கணினியை மெல்ல மூடினாள். "நோட்டை நான் எடுத்துட்டுப் போகட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க. வேணாம்னா நான் பார்க்கவே இல்லைன்னு விட்டுடறேன்."

மோட்டாரக்கா யோசித்தார். வளைவு தொடுவது ஊதாரி இரண்டு ஏக்கரை. மேல் வயல் ஆறு ஏக்கரும் வீடும் தப்பிவிடும். பழத்தோட்டத்தின் சொந்தக்காரருக்கு இதைவிட நாலு மடங்கு போகும், அவருக்கு அது உறைக்காது. நகரத்தில் செத்த அந்தப் பதினேழு பேர் வேறு மனசில் இருந்தார்கள்.

"தண்ணி அங்கதான இருக்கு. நான் மறைச்சா இல்லைன்னு ஆயிடுமா. எடுத்துட்டுப் போ" என்றார்.

தங்கையிடம் சொல்லவில்லை. முடிவாகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

பழத்தோட்டம் ஒரு பெரிய மனிதருடையது. அவர் யார், அவருக்கு யார் யார் சொந்தம் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. தோட்டத்து முதலாளி என்றால் எல்லாருக்கும் புரியும். எட்டு மாதம் கழித்துத் திட்டத்தின் மீது மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று மோட்டாரக்காவுக்குத் தெரியாது. கூட்டத்துக்குத் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துறையின் ஆட்களோடு இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

திரையில் ஆற்றின் புதிய வழியைக் காட்டினார்கள். தோட்டத்து வளைவைக் காணோம். தோட்டத்துக்கு இரண்டு வயல் முன்பாகவே ஆறு மரியாதையாக விலகி, வேலியை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் நிறுத்த வேண்டிய தண்ணீர் எங்கேயாவது நிற்க வேண்டுமே. அதற்காக வடக்கு வளைவை மூன்று மடங்கு அகலமாக்கியிருந்தார்கள். ஊதாரி இரண்டு ஏக்கர், மேல் வயல் ஆறு ஏக்கர், வீடு, வீட்டுக்குப் போகும் பாதை எல்லாம் தண்ணீர் நிற்கும் இடம் என்று காட்டிய வெளிர் நீலத்துக்குள் இருந்தன.

யாரோ எழுந்து, பழைய ஆறு அங்கேதான் போனது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மேடையில் இருந்த அதிகாரி கையசைத்தார். திரையில் ஒரு நோட்டுப் பக்கம் வந்தது. சுவரளவுக்குப் பெரிதாகி, நீல மை, சாய்ந்த எழுத்து.

"தங்கச்சி வயல், வடக்குக் கோடி. மழை இல்லை. கால் புதைகிறது."

தங்கை எழுந்து நின்றாள். "அது எங்க அக்கா எழுத்து" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "ஆமாம்மா, உங்க அக்காதான். இத்தனை வருஷம் அவங்க செஞ்ச சேவை இல்லைன்னா இந்தத் திட்டமே இல்லை" என்றார். பின்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார். கூட இருந்த நாலு பேரும் தட்டினார்கள்.

"அப்பவே பேசியிருக்கணும்" என்றார் மோட்டாரக்கா. "தோட்டமும் நோட்டுல இருக்கு, அந்தப் பக்கத்தை ஏன் காட்டலன்னு ஒரு வார்த்தை. வாய் வரல. ரிட்டயர் ஆக அஞ்சு மாசம் இருந்துச்சு. அதை நினைச்சேனான்னு கேட்டா, நினைக்கலன்னு சொல்ல முடியல."

வெளியே வந்து இன்ஜினியரைப் பிடித்தார். அவள் வண்டி நிறுத்துமிடத்தில் தலை குனிந்து நின்றாள். "நான் ரெண்டு வளைவையும்தான் குடுத்தேன்கா. மேல மாத்திட்டாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னேன், வேற ஒருத்தரை விட்டுப் போட்டுக்கிட்டாங்க" என்றாள். பிறகு அவளை வேறு எங்கோ மாற்றிவிட்டார்களாம். அவள் மேல் இவருக்குக் கோபமில்லை. ஒருவர் மேலாவது கோபம் இல்லாமல் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் சமையலறை வாசலில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீயா எழுதிக் குடுத்த?"

"ரெண்டு ஏக்கர்தான் போகும்னு நினைச்சேன். அவங்க இப்படி மாத்துவாங்கன்னு..."

"ரெண்டு ஏக்கர் போகும்னு தெரிஞ்சுதான் குடுத்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இருபத்தேழு வருஷமா என் வயல்ல நடந்து, என் கையால சாப்பிட்டு, எம் பொண்ணைத் தூக்கி வெச்சுக்கிட்டு, எங்கெல்லாம் ஊறுதுன்னு நோட்டு போட்டிருக்க."

"அது என் வேலைடி."

"நான் உன் வேலையில்லையே. தங்கச்சிதானே."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது என்றார். அவள் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "விடு, அண்ணி என்ன பண்ணுவாங்க" என்றார். தங்கை அவரைப் பார்த்துச் சொன்னாள்: "இனி இவங்க இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொல்லிடுங்க." நாலு மாதத்தில் படியே இல்லாமல் போய்விட்டது. இயந்திரத்தை விட்டு வீட்டை ஒரே காலைப்பொழுதில் இடித்தார்கள்.

அதற்குள் மோட்டாரக்கா ஒரு கடிதம் எழுதினார். தோட்டத்தைப் பற்றிய குறிப்புகள் நூற்றுப் பதினான்கு, தங்கை வயலைப் பற்றியவை அறுபத்தொன்று, தேதி வாரியாக நினைவிலிருந்தும் தான் எழுதி வைத்திருந்த நகலிலிருந்தும் எடுத்து, பழைய ஆறு தோட்டத்துக்குள்ளும் போனது என்று விளக்கி, துறையின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வந்தது. அதை எனக்குப் படிக்கவும் கொடுத்தார். இரண்டு பத்தி. பதிவேடுகள் துறையின் சொத்து, ஊழியர் அவற்றின் நகலை வைத்திருப்பது விதிமீறல் என்பது முதல் பத்தி. "குறிப்பு" கட்டத்தில் உள்ளவை கருவி கொண்டு அளக்கப்படாத தனிப்பட்ட கருத்துகள் என்பதால் திட்டத்தை மாற்ற ஆதாரமாகக் கொள்ள இயலாது என்பது இரண்டாவது. அதே கட்டம்தான், அதே நீல மைதான். தங்கை வயலுக்கு ஆதாரம், தோட்டத்துக்குக் கருத்து.

பம்புகளை நிறுத்தும் நாளை ஒரு விழா மாதிரி செய்தார்கள். கரையை உடைக்க இயந்திரங்கள் தயாராக நின்றன. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். கடைசி சுவிட்சை மோட்டாரக்காவே அணைக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றார்கள். மூத்ததையும் நடுவுள்ளதையும் அணைத்தார். மூன்றாவதற்குப் போனபோது அது முந்தின நாளே நின்றுபோயிருந்தது. "ஓடுற மாதிரி நினைச்சுக்கிட்டு அணைங்கம்மா, படத்துல சத்தம் கேக்கவா போகுது" என்றார் படம் எடுப்பவர். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறார். தங்கை அதைப் பார்த்திருப்பாள்.

சதுப்பு திரும்பியது. இதை நான் மறைத்துச் சொல்லக் கூடாது. அவரும் மறைக்கவில்லை. முதல் மழையிலேயே ஆறு வளைவுக்குள் திரும்பிப் பரவியது. இரண்டாவது வருஷம் கோரை ஆளுயரம் நின்றது. நாரைகளும் நீர்க்கோழிகளும் வந்தன, நீர்நாய் ஒரு குடும்பமே வந்தது. நகரத்தில் அந்த வருஷம் பெருமழை பெய்தும் ஒரு தெருவில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. உயரமாக ஒரு பார்வை மேடை கட்டி, நுழைவுச் சீட்டுப் போட்டு, தகவல் பலகை வைத்தார்கள். நான் போய்ப் படித்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன் இருந்தபடியே ஆறு மீண்டும் தன் இயற்கையான வழியில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறது. மேடையிலிருந்து பார்த்தால், இயற்கையான வழியில் ஓடிவந்த ஆறு தோட்டத்து வேலியைக் கண்டதும் பக்கவாட்டில் திரும்பி ஓரமாகப் போவது தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கரைக்குக் காங்கிரீட் பூசியிருக்கிறார்கள்.

மோட்டாரக்கா ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தங்கையின் வீட்டுக்காரர் இந்த மாடிப்படி அறைக்கு வந்தார். அவர்களுக்கு நகரத்துக்கு வெளியே மூன்றாவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு கடைத்தொகுதியில் வண்டிகளை வரிசையில் நிறுத்தச் சொல்லி விசில் ஊதும் வேலையில் இருந்தார். அன்றைக்கு விடுமுறை. "அண்ணி, ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட சொல்ல வேணாம்" என்றார். போனார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு மேடையில் ஏறினார்கள். அவர் வெகுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயல் எங்கே, வீடு எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு நாரைக் கூட்டம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார்.

"அவ பேசாம இருக்கிறதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். அவர் இதைச் சொன்னாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றார் மோட்டாரக்கா. "நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் வயித்தெரிச்சல். அசிங்கமா இருந்தாலாவது திட்டிட்டுப் போயிருக்கலாம்."

மூன்றாவது வருஷம் தோட்டத்தில் மரங்கள் பழுத்து உதிர ஆரம்பித்தன. காய் அல்ல, இலை. சதுப்பில் தண்ணீர் நின்றதும் பக்கத்து நிலத்தடி மட்டமும் உயர்ந்து, பழைய ஆறு போன அந்தத் தடத்தில் வேருக்கு அடியில் ஊறத் தொடங்கிவிட்டது. நூற்றுப் பதினான்கு குறிப்புகளில் எழுதியிருந்த இடங்கள்தான். தோட்டத்து முதலாளி போய்ச் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். ஆறு மாதத்தில் தோட்டத்தின் மூலையில் ஒரு பம்ப் ஹவுஸ் எழும்பியது. அரசாங்கத்தின் செலவில், இரண்டு புது பம்புகள், பின்னால் ஆபரேட்டருக்கு ஒற்றை அறைக் குடியிருப்பு. ஊறுகிற தண்ணீரைத் தூக்கிச் சதுப்பில் கொட்ட வேண்டும்.

செக்‌ஷன் ஆபீசர் மாடிப்படி அறைக்கே வந்துவிட்டார். ஒப்பந்த வேலை, அனுபவம் உள்ளவர் வேண்டும், உங்களை விட்டால் யார் என்று கேட்டார்.

"நோட்டு எழுதணுமா?"

"எழுதாம எப்படிம்மா. மட்டம், மணி, குறிப்பு. எல்லாம் பழையபடிதான்."

"அப்ப எனக்கு வேணாம்."

ஆபீசர் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். இது எப்படியோ தங்கையின் வீட்டுக்காரர் காதுக்கு எட்டியது. அந்த வார இறுதியில் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"அந்த வேலையை எனக்குச் சொல்லி வாங்கிக் குடுங்க அண்ணி."

"மாப்பிள்ளை, அது யாரு தோட்டம்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"நம்ம நிலத்துல தண்ணியை விட்டுட்டு, அவர் நிலம் காயணும்னு நீங்க உக்காந்து ஓட்டணும்."

"மூணாவது மாடியில எனக்கு மூச்சு முட்டுது அண்ணி. விசிலைக் கையில குடுத்துட்டாங்க. நான் மண்ணை மிதிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்கன்னா ஒரு வாசல் இருக்கும். நாலு செடி வைப்பேன். தண்ணி யாருதா இருந்தா என்ன."

மறுநாள் காலை மோட்டாரக்கா செக்‌ஷன் ஆபீசரைப் போய்ப் பார்த்தார். தன் வாழ்க்கையிலேயே ஒருவருக்காகச் சிபாரிசு என்று போனது அதுதான் முதல் தடவை. ஆள் உறவா என்று ஆபீசர் கேட்டார். ஆமாம் என்றார். பொறுப்பானவரா என்று கேட்டார். "எட்டு ஏக்கரைப் பறிச்சும் இன்னும் நல்லா இருக்கீங்களான்னு உங்களை விசாரிக்கிற ஆளு" என்றார். ஆபீசர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்தது.

தங்கை அந்தக் குடியிருப்புக்கு வர மாட்டாள் என்றுதான் மோட்டாரக்கா நினைத்தார். வந்தாள். மூன்றாவது மாடியில் அவளுக்கும் மூச்சு முட்டியிருக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாரக்கா அங்கே போகிறார். பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துக் காவல்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலியோரமாக நடந்து போக வேண்டும். புது பம்புகளுக்கு அவர் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒன்று இரண்டு என்றுதான் சொல்கிறார். பேரிங்கில் கை வைத்துச் சூடு பார்ப்பார், தண்ணீர் கசியாமலிருக்க பேக்கிங்கை இறுக்குவார், கிரீஸ் வைப்பார். தங்கையின் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார். அவர் பதிவேட்டில் மட்டமும் மணியும் மட்டும் எழுதுகிறார். குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு. இவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். பம்ப் ஹவுஸுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு கதவுதான். வெயில் கொளுத்தியது. கதவுக்கு அந்தப் பக்கம் தங்கை தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு பேருக்கும் இடையில் ஆறு அடிகூட இல்லை. மோட்டாரக்கா வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேளுங்க."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். மோட்டாரக்கா துணியை மடித்துப் பையில் வைத்தார்.

"வேணாம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவர் திரும்பி, கதவுக்கு அந்தப் பக்கம் அதைச் சொன்னார்.